இன்றைய ஆற்றுப்படை

சிறுகதை, புதினம், கவிதை, நாடகம் ஆகியவற்றைத் திறனாய்வு செய்வதற்கு நம்மிடையே பலர் உளர். ஆயின், நாள்தோறும் மிகப் பலர் படிக்கும் ஒருவகை எழுத்து, திறனாய்வாளர் கண்ணில் படாமலேயே போய்விடுகின்றது. வெளியூரிலிருந்து வருவோர்க்கு இங்கே செல்க, இதனைக் காண்க, இதனை உண்க, இதனைப் பருகுக என்று வழி கூறும் சுற்றுலா வழிகாட்டி எழுத்தே அது. இதனை விளம்பரம் என்று கூறி ஒதுக்குவோர் உண்டு. அது விளம்பரமாகவும் இருக்கலாம். எனினும், ஒரு நகரத்தைப் பற்றி அயலார் கொள்ளும் கருத்தைப் பெரிதும் உருவாக்குவது இவ்வெழுத்தே ஆதலின், இதுவும் திறனாய்வுக்கு உரியதே.

இவ்வகையுள்ளும் ஒரு சிறு பிரிவை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. புகழ்பெற்ற கட்டடம் ஒன்றனைச் சுட்டி, அதனருகே மாலைப்பொழுதில் மது அருந்துவதற்கு ஏற்ற கூடங்கள் எவை எனத் தேர்ந்து கூறும் குறிப்புகளே அப்பிரிவு. சிங்கப்பூரில் அவ்வாறு சுட்டப்படும் கட்டடங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று, பீச் ரோட்டில் நிற்கும் ராஃபிள்ஸ் ஓட்டல். அதனையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம் ஆய்வுக்குக் களமாகக் கொள்வோம்.

மதுக்கூடம் பற்றிய எழுத்தை ஆசிரியரும் மாணவரும் படிக்கும் நூலில் ஆராயலாமா என்று சிலர் வினவலாம். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஔவையாரோ, அதியமான் கள்ளைத் தம்மோடு எவ்வாறு பகிர்ந்துகொண்டான் என்பதை, அவன் மறைவுக்குப் பின் கையறுநிலையாகப் பாடினார். இரண்டையும் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். மதுவை விலக்கும் பாடலையும் அதனைப் பகிர்ந்த நட்பை நினைந்து அழும் பாடலையும் ஒருங்கே ஏற்கும் இலக்கிய மரபு நம்முடையது. ஆதலின், குடிக்கலாமா கூடாதா என்னும் வினா இங்கே எழவில்லை. பலவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, இங்கே போ என்று பிறர்க்குச் சொல்லும் எழுத்தாளன், படிப்பவனுக்கு எவ்வளவு உண்மை கூறக் கடமைப்பட்டவன் என்பதே நம் வினா.

ஆற்றுப்படையின் இலக்கணம்

தமிழுக்கு வழிகாட்டும் எழுத்து புதியதன்று. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படைகளே. திருமுருகாற்றுப்படை முருகனிடம் அடியவனை ஆற்றுப்படுத்துவது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய நான்கும் கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பெறாது வாடும் மற்றொருவனை எதிர்ப்பட்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவனும் சென்று பெறுமாறு வழி சொல்வது இதன் இலக்கணம் என்பது தொல்காப்பியத்தால் அறியப்படும்.

இவ்விலக்கணத்தில் மூன்று கூறுகளை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, சொல்பவன் தானே சென்று வந்தவன். கேள்விப்பட்டதை அவன் கூறவில்லை. இரண்டாவது, கேட்பவனும் சொல்பவனும் ஒரே தொழிலர். ஒரே வறுமையை அறிந்தவர்கள். ஆகையால் ஏமாற்றுதற்கு அங்கே இடமில்லை. மூன்றாவது, வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு குடியிருப்பும் எத்தொழிலாருடையது, அங்கே யார் எதை எவ்வாறு ஆக்கித் தருவர் என்பது தெளிவாகக் கூறப்படுகின்றது.

பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தோம்பலைப் புகழும் பொருநன், அங்கே இரவும் பகலும் ஊன் தின்றதனால் தன் பற்கள் மழுங்கிப்போனதையும், உண்டு உண்டு சலித்துத் தன் ஊருக்குப் போக விரும்பியதையும் மறைக்கவில்லை. விருந்தின் சிறப்பைச் சொல்பவன் அவ்விருந்து உடலுக்குச் செய்ததையும் சொல்கின்றான். இன்றைய வழிகாட்டிக் குறிப்பு எதிலேனும் இத்தகைய ஒரு வரி உண்டா என்று தேடிப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

கலங்கரை விளக்கின் அருகே

நம் பொருளுக்கு மிக நெருங்கிய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் இந்நூலைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகின்றது. அங்கே கிடைக்கும் மதுவை இனிது என்று மட்டும் சொல்லிப் புலவர் கடந்துவிடவில்லை. அரிசியைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்தல், முளைத்த நெல்லை இடித்து அதனோடு கலத்தல், வாய் வலிய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் புளிக்கவைத்தல், பின்பு வடித்தல் எனச் செய்முறை முழுவதையும் கூறி, சுட்ட மீனோடு அதனைப் பெறலாம் என்கின்றார்.

அடுத்து வருவது நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறை. அங்கே வானளாவிய மாடம் ஒன்று நிற்கின்றது. ஏணி சாத்தியும் ஏறுதற்கு அரிய உயரம் உடையது அது. இரவில் அதன் உச்சியில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைக்கின்றது. அந்நாளில் அத்துறையின் அடையாளம் அக்கலங்கரை விளக்கமே. அதனைச் சொல்வதற்குச் சற்று முன்னர், அத்துறையில் மதுவும் ஊனும் பெறும் இடத்தைப் புலவர் காட்டுகின்றார். ஆக, புகழ்பெற்ற நகரடையாளம் ஒன்றன் அருகே மது எங்கே கிடைக்கும் என்னும் குறிப்பு, தமிழில் சங்ககாலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

அக்குறிப்பில் புலவர் எவற்றைச் சேர்த்தார் என்பதே நாம் கற்க வேண்டியது. கள் காய்ச்சும் மகளிர் கலம் கழுவுகின்றனர். கழுவிய நீர் வழிந்து சேறாகின்றது. அச்சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. அவற்றோடு சேரவிடாமல், நெல்மா ஊட்டிக் குழியில் வளர்த்த ஆண்பன்றியின் ஊன் மதுவோடு பாணனுக்குக் கிடைக்கும். விளக்கின் ஒளியைப் பாடிய அதே புலவர், கழுநீர்ச் சேற்றையும் பாடினார். கலத்தைக் கழுவிய கைகள் பெண்களின் கைகள் என்பதையும் நாம் அவர் வாயிலாகவே அறிகின்றோம். வரவேற்கும் நாட்டின் பெருமைக்கு இச்சேறு இழுக்கு என்று அவர் கருதவில்லை. மது வரும் வழியை அறிந்து அதனைப் பருகுக என்பதே அவர் பாணனுக்குச் செய்த மரியாதை.

ராஃபிள்ஸ் ஓட்டலைச் சுற்றி

இனி நம் நகரத்திற்கு வருவோம். ராஃபிள்ஸ் ஓட்டலை 1887ஆம் ஆண்டு ஆர்மீனியரான சார்க்கீஸ் உடன்பிறப்புகள் பீச் ரோட்டு மாளிகை ஒன்றில் தொடங்கினர். இன்று நாம் காணும் முதன்மைக் கட்டடம் 1899இல் திறக்கப்பட்டது. அந்நாளில் சாலைக்கு அப்பால் கடல் இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின்னர்ச் சாலையின் பெயரில் மட்டும் கடற்கரை எஞ்சி நிற்கின்றது. 1987இல் இக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வோட்டலை அடையாளமாகக் கொண்டு மதுக்கூடங்களைத் தேர்ந்து கூறும் எழுத்துகள் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களைக் கையாள்கின்றன. ஒன்று கதை; மற்றொன்று காட்சி; மூன்றாவது சூழல். கதையை நாடுவோர்க்கு ஓட்டலின் உள்ளேயே இருக்கும் லாங் பார். காட்சியை நாடுவோர்க்குச் சாலைக்கு எதிர்ப்புறம், 73 மாடிகளோடு 226 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸ்டாம்ஃபர்ட் ஓட்டலின் உச்சியையொட்டிய மாடிகள். திறந்த முற்றமும் பழைய வளைவுகளும் தரும் சூழலை நாடுவோர்க்கு, விக்டோரியா தெருவிலுள்ள சைம்ஸ் வளாகம். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன.

இவ்வெழுத்துகளின் சிறப்பை முதலில் கூறுவது முறை. அவை சுருக்கமாக எழுதுகின்றன. எந்த உடையில் வந்தால் உள்ளே விடுவர், எந்நேரத்தில் கூட்டம் குறையும், இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டுமா என்பன போன்ற பயன்படு செய்திகளைத் தருகின்றன. நம் பயணக் கட்டுரையாளர் பலர் 'கண்கொள்ளாக் காட்சி' என்று எழுதி நிறுத்திவிடும் இடத்தில், இவை கதவு எத்திசையில் உள்ளது என்று சொல்கின்றன. இத்தெளிவை நாம் பாராட்டுதல் வேண்டும்.

ஒரு பெயரையும் அவை மறவாமல் கூறுகின்றன. லாங் பாரில் பணியாற்றிய ஹைனானியச் சீனர் ஙியாம் தோங் பூன் என்பவர், 1915ஆம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூர் ஸ்லிங் என்னும் கலவைப் பானத்தை ஆக்கினார் என்பது ஓட்டல் கூறும் வரலாறு. ஜின், செர்ரிப் பிராந்தி, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு முதலியவை கலந்த அப்பானம் பழச்சாறு போலத் தோன்றும். பெண்கள் பலர் முன்னிலையில் மது அருந்துவது தகாது எனக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர்களும் அருந்துதற்கு ஏற்ப அவர் அதனை ஆக்கினார் என்பர். பானத்தை ஆக்கிய பணியாளரின் பெயர் நிலைத்திருப்பது போற்றத்தக்கது. கள் காய்ச்சிய மகளிரைச் சொன்ன உருத்திரங்கண்ணனாரை இவ்வெழுத்து நெருங்கிவரும் இடம் இது.

சொல்லாமல் விட்டவை

ஆயினும், குறை அதனை அடுத்தே தொடங்குகின்றது. லாங் பாரின் உள்ளமைப்பு 1920களின் மலாயாத் தோட்டங்களை நினைவூட்டும் வகையில் அமைந்தது என்று கூறப்படுகின்றது. கூரையில் ஓலைவிசிறிகள் பொறியால் அசைகின்றன. வேர்க்கடலைத் தோலை உரித்துத் தரையிலேயே எறியலாம். தூய்மைக்குப் பெயர்பெற்ற நகரத்தில் இவ்வுரிமை ஒரு விளையாட்டாக அமைகின்றது. வழிகாட்டிகள் இவற்றை விரும்பி எழுதுகின்றன.

மலாயாத் தோட்டம் என்னும் சொல் தமிழ் ஆசிரியர் ஒருவரின் காதில் விழுங்கால் எவ்வாறு ஒலிக்கும்? 1920களின் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். துரை மாலையில் சங்கத்திற்குச் சென்று அருந்திய மது ஒன்று; தொழிலாளி தோட்டத்துக் கள்ளுக்கடையில் அருந்திய மது மற்றொன்று. இரண்டும் ஒரே தோட்டத்தின் மாலைப்பொழுதுகள். அத்தோட்டத்தை அலங்காரமாகக் கொண்ட கூடத்தைப் பற்றி எழுதும்போது, முதல் மாலைப்பொழுதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதைக் கைவிடுவது வரலாறு ஆகாது. பாதி வரலாறே ஆகும்.

இப்பாதி வரலாற்றுக்கு இலக்கிய வேர் ஒன்றுண்டு. 1921இல் முதன்முறையாக இப்பகுதிக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், 1926இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் மலாயா வாழ்வைச் சித்திரித்தார். அவருடைய பெயர் ராஃபிள்ஸ் ஓட்டலின் புகழோடு பிரிக்க இயலாதபடி கலந்துவிட்டது. துரைமாரின் தனிமை, பொறாமை, குடி ஆகியவற்றைக் கூர்ந்து கண்டவர் அவர். அவர் கதைகளில் பணியாளரும் தொழிலாளரும் பெரும்பாலும் பெயரின்றி ஓரத்தில் நடமாடுகின்றனர். மாமின் இருக்கையிலிருந்து அவர் கண்டதை அவர் எழுதினார். அதனைக் குற்றமாகக் கூறல் வேண்டா. அதே இருக்கையைத் தேடி வருவோர்க்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்காட்சியை மட்டுமே காட்டும் வழிகாட்டிதான் விடை கூற வேண்டும்.

காட்சிக்குப் பெயர்பெற்ற உயர்ந்த கட்டடத்திற்கு வருவோம். அது நிற்கும் நிலம் ராஃபிள்ஸ் கல்விநிலையம் இருந்த இடம். 1823இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அப்பள்ளி, 1972இல் அவ்விடத்தை விட்டு நீங்கியது. 1986இல் அங்கே வணிக வளாகமும் ஓட்டலும் எழுந்தன. 1902இல் ராஃபிள்ஸ் ஓட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்தின் அடியில் பதுங்கிய புலியைச் சுட்ட கதையை வழிகாட்டிகள் சலிக்காமல் கூறுகின்றன. அப்புலி காட்டிலிருந்து வந்ததன்று. விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. அதனைச் சுட்ட பிலிப்ஸ் என்பவர் அப்பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர். புலி நினைவில் நிற்கின்றது. பள்ளி நினைவில் இல்லை.

அவ்வுச்சி மாடியிலிருந்து கீழே நோக்கினால் வெண்ணிறமான செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் தெரியும். 1862இல் அருட்பொழிவு பெற்ற அக்கோயிலைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை கலந்து ஆக்கப்பெற்ற சாந்து அது. அக்கைதிகள் அடைபட்டிருந்த சிறை, பிராஸ் பாசா சாலையில், இன்றைய மதுக்கூடங்களுக்கு அண்மையிலேயே இருந்தது. உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வெண்மை தெரியும். வெண்மைக்குச் சாந்து குழைத்த கை, சொன்னாலன்றித் தெரியாது. வழிகாட்டியின் பணி அங்கேதான் தொடங்குகின்றது.

மூன்றாவது இடம் சைம்ஸ். 1854இல் பிரெஞ்சுக் கன்னியர் தொடங்கிய மடமும் பெண்கள் பள்ளியும் ஆதரவற்றோர் இல்லமும் அங்கிருந்தன. பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு மாறியது. 1990இல் அதன் வழிபாட்டுக்கூடமும் பழைய இல்லமும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. 1996 முதல் உணவகங்களும் மதுக்கூடங்களும் கொண்ட வளாகமாக அது விளங்குகின்றது. அவ்வளாகத்தில் 'நம்பிக்கை வாயில்' எனப்படும் சிறு வாயில் உள்ளது. வளர்க்க இயலாத பெற்றோர் தம் குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றனர்; கன்னியர் அவர்களை எடுத்து வளர்த்தனர்.

இம்மூன்று இடங்களுள் இரண்டு, முன்னர்ப் பள்ளிகளாக இருந்தவை என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம். நகரம் வளரும், கட்டடங்களின் பயன் மாறும், இடிக்காமல் காத்ததே பெரிது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஓர் இல்லத்தைப் பேணுவதற்கு வருவாய் வேண்டும். மதுக்கூடம் வருவாய் தருகின்றது. நாம் கேட்பது மதுக்கூடத்தை மூட வேண்டும் என்பதன்று. அம்முற்றத்தின் 'இனிய சூழலை' வருணிக்க ஐந்து அடைமொழிகளைச் செலவிடும் எழுத்தாளர், அவ்வாயிலுக்கு ஒரு வரி செலவிட்டால் என்ன என்பதே நம் கேள்வி. அவ்வரியால் பருகுபவரின் மகிழ்ச்சி கெட்டுவிடாது. கெடும் என்று அஞ்சுபவர் தம் வாசகரைக் குழந்தையாகக் கருதுகின்றார்.

நம் எழுத்தின் குறை

பிறர் எழுத்தைக் குறைகூறும்போது நம் எழுத்தையும் அதே தராசில் வைத்தல் வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் கள்ளுக்கடை எத்தனையோ முறை வருகின்றது. கணவன் சம்பளத்தோடு அங்கே நுழைகின்றான், வெறுங்கையோடு வெளியேறுகின்றான், மனைவி அழுகின்றாள். இது பொய்யன்று. கள் நம் குடும்பங்களைச் சிதைத்தது என்பது வரலாறு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவை ஒழிக்கக் கோரியதோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினர். போருக்குப் பின்னர்க் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடியை ஒழிக்க முதலில் எழுந்தவர்களுள் அதனால் துன்புற்ற தொழிலாளரே இருந்தனர் என்பது நமக்குப் பெருமை தருவது.

ஆனால் நம் கதைகள் பலவற்றைப் படித்தும், கள்ளுக்கடை எப்படி இருந்தது என்று மாணவர் அறிய முடியுமா? கூரை எதனால் வேய்ந்தது, கள் எந்தக் கலத்தில் அளக்கப்பட்டது, அன்றைய கூலியில் ஒரு குவளைக்கு எவ்வளவு போயிற்று, கடையின் வருவாய் எங்கே சென்றது என்பவற்றுக்கு விடை கிடைப்பது அரிது. கடையை நடத்தியது தோட்ட நிருவாகமே என்பதைச் சொல்லாமல், குடிப்பவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதையும் பாதி வரலாறே. ஆங்கில வழிகாட்டி மதுவை அழகாக்கி மனிதரை மறைத்தது. நம் கதை மதுவை அரக்கனாக்கி அம்மனிதரையே மறைத்தது. வலைஞர் சாடியில் மது எத்தனை நாள் இருந்தது என்று எண்ணிச் சொன்ன புலவரின் வழிவந்தோர், தோட்டத்துக் கள்ளுக்கடையை வருணிக்கத் தவறியது வியப்பும் வருத்தமும் தருவதாகும்.

ஒரு நகரம், இரண்டு சொற்கள்

இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. ராஃபிள்ஸ் ஓட்டலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவிற்குள் லிட்டில் இந்தியா உள்ளது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து அங்கே கலவரம் மூண்டது. அதனை ஆராய்ந்த விசாரணைக் குழு, மதுவும் ஒரு காரணமாக இருந்தது என்று கண்டது. 2015இல் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துதல் தடைசெய்யப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக்கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே வார இறுதி நாள்களில் தடை இன்னும் கடுமையானது.

அங்கே குடியிருப்போர் அமைதியை வேண்டினர். அவ்வேண்டுகோளில் நியாயம் உண்டு. சட்டத்தை ஆராய்வதும் நம் நோக்கமன்று. சொல்லாட்சியை மட்டும் நோக்குவோம். உரிமம் பெற்ற கூடத்தில் நாற்காலிக்கு விலை கொடுக்க முடிந்தவன் குடித்தால் அது 'மரபு', 'சூழல்', 'அனுபவம்' எனப்படுகின்றது. அந்நாற்காலிக்கு விலை கொடுக்க முடியாதவன், ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் நண்பரோடு புல்தரையில் அமர்ந்து குடித்தால் அது 'சிக்கல்' எனப்படுகின்றது. மதுவின் தீமை இருவர் உடலுக்கும் ஒன்றே. வேறுபடுவது அதனைக் குறிக்க எழுத்தாளர் தேரும் சொல். ஒரே பொருளுக்கு இரு சொற்கள் வழங்குமிடத்தில், ஏன் என்று வினவுவது மொழியாசிரியரின் வேலையே ஆகும்.

நல்ல வழிகாட்டிக்கு வேண்டுவன

மேற்கூறியவற்றால், இடங்களைத் தேர்ந்து சொல்லும் எழுத்துக்குச் சில இலக்கணங்களை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, எழுதுபவர் அவ்விடத்திற்குச் சென்று வந்தவராக இருத்தல் வேண்டும். ஆற்றுப்படையின் முதல் இலக்கணம் இதுவே.

இரண்டாவது, விலையை முழுமையாகச் சொல்லுதல் வேண்டும். சிங்கப்பூரின் மதுக்கூடங்களில் அச்சிட்ட விலையோடு பெரும்பாலும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணமும், அதன்மேல் பொருள் சேவை வரியும் சேரும். 2024 முதல் அவ்வரி 9 விழுக்காடு. ஆக, 20 வெள்ளி என்று காணும் பானத்திற்கு ஏறத்தாழ 24 வெள்ளி கொடுக்க நேரும். இதனைச் சொல்லாத வழிகாட்டி, அழைத்துச் சென்று வாயிலில் கைவிட்டவர் ஆவார். பாணனின் வறுமையை அறிந்த பாணன் அவ்வாறு செய்யமாட்டான்.

மூன்றாவது, ஆக்கியவரையும் பரிமாறியவரையும் சொல்லுதல் வேண்டும். ஙியாம் தோங் பூன் பெயரைக் காத்தது போல, சாந்து குழைத்த கைதியையும், தோட்டத்தில் உழைத்தவரையும் ஒரு சொல்லாலேனும் நினைத்தல் வேண்டும்.

நான்காவது, அவ்விடத்தில் முன்னர் என்ன இருந்தது என்று கூறுதல் வேண்டும். பட்டினப்பாலையில் கள் விற்கும் கடையின் கொடியைப் பாடிய புலவர், அதனைத் தனியே பாடவில்லை. வழிபாட்டுக் கொடி, வாதம் புரிவோர் கொடி, கலத்தின் கொடி ஆகியவற்றோடு சேர்த்தே பாடினார். அவரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடியவர் என்பதை மாணவர் அறிவர். மதுக்கடையை நகரத்தின் முழு வாழ்விலிருந்து பிரித்தெடுக்காமல் காட்டுவது அவருக்குக் கைவந்த முறை.

ஐந்தாவது, பின்விளைவைச் சொல்லுதல் வேண்டும். பல் மழுங்கியதைச் சொன்ன பொருநனைப் போல, மறுநாள் காலையையும் வீடு திரும்பும் வழியையும் எழுதுதல் வேண்டும்.

இவ்வைந்தும் அமைந்த குறிப்பு நீண்டுவிடும் என்று அஞ்ச வேண்டா. உருத்திரங்கண்ணனார் கழுநீரையும் சேற்றையும் ஊனையும் மதுவையும் சில அடிகளுக்குள் அடக்கினார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆற்றுப்படையைத் தேர்வுக்குரிய வினாவிடையாக மட்டும் கற்பித்து முடிக்காமல், மாணவரை ஒருநாள் மாலை பிராஸ் பாசா சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மதுக்கூடத்திற்குள் நுழைய அவர்களுக்கு அகவையும் இல்லை. நுழையத் தேவையும் இல்லை. வெளியே நின்று, அவ்வாயிலையும் தேவாலயத்தையும் உயர்ந்த கட்டடத்தையும் ஓட்டலையும் நோக்கி, நண்பன் ஒருவனுக்கு வழி சொல்வது போல ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவர்கள் தடுமாறுவர். அத்தடுமாற்றத்தில்தான் அவர்கள் திறனாய்வைக் கற்கத் தொடங்குவர்.